பத்தொன்பதாவது குறிப்பு

வியாழக்கிழமை காலை ஃபாஜில் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து நண்பன் தௌபீக் கூப்பிட்டான்.

"மாப்ள, தண்ணி வந்துடுச்சாமே! மாஷா அல்லாஹ்! கேட்டதும் மனசு குளுந்து போச்சுடா."

ஃபாஜில் வாய் நிறைய நுரையோடு கொல்லைக் குழாயைத் திரும்பிப் பார்த்தான். அதில் தண்ணீர் எப்போதும்போல வந்துகொண்டுதான் இருந்தது.

"எந்தத் தண்ணிடா?"

"நல்லா கேட்டே போ. ஏழுகண் மதகைத் தாண்டிடுச்சுன்னு நேத்து சாயங்காலம் நீதானே போட்டிருக்கே. டியூட்டில இருந்தேன், பேச முடியல. சரி, பஸ் வந்துடுச்சு, வச்சிடறேன்."

ஃபாஜில் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தன் வலைப்பதிவைத் தானே திறந்து பார்த்தான். முதல் பதிவாக மேலேயே இருந்தது. 'ஏழுகண் மதகைத் தாண்டியது தண்ணீர்! கடைமடைக்கு இன்னும் இரண்டே நாள்!' புதன்கிழமை தேதி, மாலை ஆறு மணி. கீழே மதகின் படம். 'மதகின் வாயில் நுரை பூத்துக்கொண்டு வருகிறது' என்று ஆரம்பிக்கிற நாலு வரி. இந்த மாவட்டத்தில் அப்படி எழுதக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஆனால் அவன் எழுதவில்லை. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அவன் கடையில் உட்கார்ந்து யாருடைய ஆதார் அட்டைக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுப்படியில் இருந்த மனைவியிடம் போய், "ஷமீரா, நேத்து சாயங்காலம் நான் மதகுக்கா போனேன்?" என்று கேட்டான்.

ஷமீரா தோசைக்கரண்டியோடு திரும்பினாள். "நீங்க எங்க போனீங்கன்னு என்கிட்ட கேக்குறீங்களா?"

ஃபாஜில் போனைப் பார்த்தபடியே கொல்லைக்குத் திரும்பினான்.

ஃபாஜில் ஏழு வருஷம் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பூம்புகார் போகிற சாலையில் ஆலங்கரைக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்தவன். சிட்டா, அடங்கல் எடுத்துக் கொடுப்பான், விண்ணப்பம் போட்டுக் கொடுப்பான். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் ஜூன் மாதம் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்றால் மனிதனுக்கு இருப்புக் கொள்ளாது. தண்ணீர் இன்று எந்த அணை, எந்த மதகு வரை வந்திருக்கிறது என்று தினம் நாலு வரியும் ஒரு படமும் 'கடைமடை' என்ற தன் வலைப்பதிவில் போட்டுவிடுவான். ஆற்றின் கடைசி வாய்க்காலில் கடைசி வயல் வைத்திருக்கிறவர்கள், வெளியூர் போய்விட்ட அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், இவர்கள்தான் வாசகர்கள்.

அந்த நாலு வரிக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. ஆலங்கரைக்காரர்கள் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு விதையை ஊறப்போடுவதில்லை. எட்டு கிலோமீட்டர் மேற்கே இருக்கும் ஏழுகண் மதகைத் தண்ணீர் தாண்டிவிட்டது என்று சேதி வந்த அன்றே ஊறப்போட்டுவிடுவார்கள். காய்ந்து கிடக்கும் வாய்க்காலையும் கிளைகளையும் நனைத்துக்கொண்டு தண்ணீர் ஊர் வந்து சேர இரண்டு மூன்று நாள். விதை நீரில் ஒரு நாள் ஊறி, வடித்துச் சாக்கில் கட்டி வைத்து முளை காட்டவும் அதே இரண்டு மூன்று நாள். வயலில் தண்ணீர் பாய்கிற அன்று கையில் முளைவிதை தயாராக இருக்கும். தண்ணீரைப் பார்த்த பிறகு ஊறப்போட்டால் முறைவைத்து விடும் தண்ணீர், ஊருக்கான நாள் முடிந்து அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இத்தனை முக்கியமான சேதியை நாளுக்கு நாற்பது பேர்தான் படித்தார்கள். அந்த நாற்பது ஃபாஜிலை அரித்துக்கொண்டே இருந்தது. கல்லூரியில் கூடப் படித்த வெங்கி சென்னையில் கணினி நிறுவனத்தில் இருக்கிறான். அவனிடம் புலம்பியபோது ஓர் இணைப்பை அனுப்பிவைத்தான். 'வலைப்பதிவர்களுக்குப் பயனுள்ள இருபத்தேழு கருவிகளும் குறிப்புகளும்.' ஃபாஜில் அதைத் தன் கடையிலேயே அச்செடுத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து டிக் போட்டான்.

தலைப்புக்கு மதிப்பெண் போடும் கருவி ஒன்று. அது அவன் தலைப்புகளுக்கெல்லாம் முப்பதுக்குமேல் தர மறுத்தது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று சொல்லும் கருவி, கடைமடையை மாதம் பத்துப் பேரும் முடி கொட்டுவதை லட்சக்கணக்கானவர்களும் தேடுவதாகச் சொல்லி, முடியைப் பற்றி எழுதும்படி சிபாரிசு செய்தது. படத்தை இளைக்கவைக்கும் கருவி மதகைக் கலங்கலாக்கிக் கொடுத்தது. எந்த நேரத்தில் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று கணித்த கருவி மாலை ஆறு மணி என்றது. பாதிக் குறிப்புகள் அவனுக்குப் புரியவே இல்லை. புரியாதவற்றுக்கும் டிக் போட்டான்.

அந்தக் காகிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டது போன வாரம். இப்போது எழுதாத பதிவு ஒன்று அவன் பெயரில் வந்து நிற்கிறது.

தோசையைக்கூடச் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மதகுக்கு ஓடினான். ஏழு கண்ணும் காய்ந்து கிடந்தன. வாய்க்கால் நடுவில் நாலு வெள்ளாடுகள் கோரையைக் கடித்துக்கொண்டிருந்தன. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஜெக்கரியா மேலே மதகுக் கதவின் திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய். என்ன, உங்க பேப்பர்ல தண்ணி வந்துடுச்சாமே? என் மச்சினன் போன் பண்றான். நான் இங்கதான் நிக்கிறேன், எனக்குத் தெரியாம எந்தப் பக்கமா போச்சு?"

"அதாண்ணே எனக்கும் புரியல. நேத்து ராத்திரி கொஞ்சமாவது வந்துட்டு நின்னுருக்குமோ?"

ஜெக்கரியா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வந்துட்டு நிக்கிறதுக்கு அது என்ன மினி பஸ்ஸா? மேக்க பாலம் வேலை நடக்குது. முடிச்சுத்தான் விடுவாங்க. இன்னும் ஒரு வாரம் ஆவும்."

கடைக்குத் திரும்பியதும் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. எவனோ உள்ளே புகுந்துவிட்டான். கடவுச்சொல்லைத் திருடி, அவனைப்போலவே எழுதி, படமும் போட்டிருக்கிறான். ஜெராக்ஸ் கடைக்காரனின் வாய்க்கால் பதிவைத் திருடி ஒருவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று யோசித்தான். பிடிபடவில்லை. போட்டிக் கடைக்காரனாக இருக்குமோ என்றால் அவனுக்குத் தமிழில் நாலு வரி கோவையாக எழுத வராது.

இதற்கு நடுவில் ஒரு வெட்கக்கேடு. பார்வையாளர் எண்ணிக்கை கண்ணில் பட்டது. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. கீழே பதினான்கு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். பதட்டத்தையும் மீறி அவன் முகம் மலர்ந்துவிட்டது. பதினான்கு, பதினான்கு என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கவில்லை.

அப்புறம்தான் பதிவை நீக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. அதற்கு முன்னால் திருடனை வெளியேற்ற வேண்டாமா? இருபத்து மூன்றாவது குறிப்பு அதைத்தான் சொன்னது. கடவுச்சொல்லை மாற்றப் போனான். 'உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியுள்ளோம்' என்றது. போன் சும்மாவே இருந்தது. மறுபடி அழுத்தினான். அனுப்பிவிட்டோம் என்று மறுபடியும் சொன்னது. ஐந்தாம் தடவை அவனையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. இப்போது அந்தப் பதிவை ஊரே பார்க்கலாம், நீக்க மட்டும் அவனால் முடியாது.

பதினோரு மணி வாக்கில் மதுரம் வந்தாள். புருஷன் போன பிறகு பத்து மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கர் சொச்சத்தை, தனியாளாகச் சாகுபடி செய்கிறவள். வாய்க்காலின் கடைசி மடை அவளுடையது. பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா நகல் வேண்டுமாம். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நல்ல சேதி போட்டே தம்பி. மக வானதி கோயமுத்தூர்லேருந்து போன் பண்ணி, அம்மா, பாய் கடை அண்ணன் போட்டுட்டாங்க, உடனே ஊறப்போடுன்னா. மூணு மூட்டையும் நேத்தே போட்டுட்டேன். இப்ப போயி வடிச்சுக் கட்டணும்."

ஃபாஜிலின் கை பிரிண்டர் மேலேயே நின்றுவிட்டது. "மூணு மூட்டையுமா?"

"பின்ன? பத்து மாவுக்கு வேணாமா? மத்தவங்க இன்னும் டிப்போவுல விதையே வாங்கல. நான் முந்திக்கிட்டேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். என்ன சொல்வது? நான் எழுதவில்லை என்றா? யார் எழுதியது என்று கேட்டால்? அவனுக்கே விளங்காததை அவளுக்கு எப்படி விளக்குவது? சிட்டாவை நீட்டினான். அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஊறிய விதை யாருக்காகவும் காத்திருக்காது. சனிக்கிழமைக்குள் சேற்றில் விழாவிட்டால் முளை நீண்டு, வேர் வேரோடு சிக்கி, சூடேறி, நாற்றமடித்துப்போகும். மூன்று மூட்டையும் குப்பைக்குழிக்குத்தான். ஆலங்கரைப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டால் கடல் உப்புத்தான் வரும். அதில் முளைவிதையைப் போட முடியாது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். ஷமீரா அவன் போனை வாங்கி அந்தப் பதிவைப் படித்தாள். கருத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தாள்.

"'மிக்க மகிழ்ச்சி தம்பி. உங்கள் சேவை தொடரட்டும். பஞ்சாபகேசன், பணி நிறைவு தலைமையாசிரியர்.'"

"ஆமா, சார் எப்பவும் முதல்ல எழுதிடுவாரு" என்றான் ஃபாஜில்.

ஷமீரா போனைக் கீழே வைத்தாள். "என்னங்க, பஞ்சாபகேசன் சார் மாசி மாசமே தவறிட்டாரே. நீங்கதானே மாலை வாங்கிட்டுப் போனீங்க?"

மாலை வாங்கியது உண்மை, சாரின் காலடியில் வைத்தது உண்மை. அந்த மனிதர் நேற்று மாலை தண்ணீர் வந்ததற்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிஷம் தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றே ஃபாஜில் பயந்தான்.

"இது சார் உயிரோட இருக்கறப்ப எழுதுனது" என்றாள் ஷமீரா மெதுவாக. "அப்ப இந்தப் பதிவும் அப்ப எழுதுனதுதான். இது போன வருஷத்துதுங்க. நீங்க சிவப்புப் பேனாவுல டிக் போட்டீங்களே, அந்தக் காகிதம் எங்க?"

எச்சில் கையோடு கடைக்கு ஓடி இழுப்பறையைத் திறந்தான். பத்தொன்பதாவது குறிப்பு: 'பழைய பதிவுகளுக்குப் புது உயிர். ஒருமுறை இயக்கினால் போதும். உங்கள் பழைய பதிவுகளில் அதிகம் பேர் விரும்பியதை இந்தக் கருவி தேடி எடுத்து, புதிய தேதியிட்டு, சிறந்த நேரத்தில் தானே வெளியிடும்.' பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக். திருடனும் இல்லை, பேயும் இல்லை. அவன் கைதான்.

அழுகை வந்தது அவனுக்கு. கடைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மதுரம் வீட்டுக்குப் போனான். அவள் விதையை வடித்துச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு, கல்லை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான். கருவி, டிக், புதுத் தேதி என்பதெல்லாம் அவளுக்கு எந்த அளவுக்கு ஏறியதோ தெரியாது. கடைசி வரி மட்டும் நன்றாக ஏறியது.

"அப்ப தண்ணி வரல."

"வரலக்கா. இன்னும் ஒரு வாரம் ஆவும்."

மதுரம் வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நான் எட்டு கிலோமீட்டர் போயி பாத்துட்டு வந்திருக்கணும். நீ போடுறேன்னுதான் போவாம இருந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஃபாஜிலுக்கு.

"சனிக்கிழமைக்குள்ள நல்ல தண்ணியில நாத்தங்கால் ஒண்ணு புடிச்சுத் தர்றேன்க்கா."

"எங்க புடிப்பே? இந்தப் பக்கம் எல்லாம் உப்பு."

எங்கே என்று அவனுக்கும் தெரியாது. ஆனால் மூவாயிரத்து நானூறு பேர் பார்க்கிற இடம் ஒன்று அவனுக்கு இருந்தது. அதற்குள்தான் நுழைய முடியவில்லை. அந்தக் குறியீடு எந்த எண்ணுக்குத்தான் போகிறது? திரையில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது. நாற்பத்தாறு. அவனுடைய எந்த எண்ணிலும் நாற்பத்தாறு இல்லையே என்று வழியெல்லாம் குழம்பியவனுக்குக் கடை வாசலில்தான் உறைத்தது. கணக்கு தொடங்கியபோது கொடுத்த ஷார்ஜா எண். ஊருக்குக் கிளம்பும்போது அந்த சிம்மை அறையில் கூட இருந்த தௌபீக்கிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். காலையில் கூப்பிட்டானே, அதே எண்.

தௌபீக் போனை எடுத்ததும் கத்தினான். "காலையிலேருந்து ஆறு ஆறு நம்பரா வந்துக்கிட்டே இருக்குடா! எவனோ என் பேங்க்ல கை வைக்கிறான்னு நான் கார்டையே முடக்கிட்டேன்!"

ஒருவழியாகப் புதிய குறியீடு வந்து, கதவு திறந்து, பழைய பதிவை நீக்கி, பத்தொன்பதாவது கருவியைப் பிடுங்கி எறிந்தபோது மணி மூன்றே முக்கால். புதிதாக எழுதினான். 'தண்ணீர் வரவில்லை. நேற்று வந்தது போன வருஷத்துச் செய்தி. தவறு என்னுடையது. அதை நம்பி ஆலங்கரையில் ஒருவர் மூன்று மூட்டை விதையை ஊறப்போட்டுவிட்டார். சனிக்கிழமைக்குள் நல்ல தண்ணீர் உள்ள நாற்றங்கால் ஒரு மா வேண்டும்.' கீழே தன் எண்.

பழக்கதோஷத்தில் முதல் வரியைத் தலைப்பாக்கி மதிப்பெண் கருவியில் போட்டுப் பார்த்தான். நூற்றுக்குப் பதினொன்று. உற்சாகம் போதவில்லை என்றது. நேரம் பார்க்கும் கருவி ஆறு மணி வரை பொறுக்கச் சொன்னது. இரண்டையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, அப்படியே வெளியிட்டான்.

வந்ததெல்லாம் முதலில் வசவுதான். பொய் செய்தி போடுகிறவனுக்கு எதற்கு வலைப்பதிவு என்று ஒருவர். துபாயிலிருந்து ஒருவர் நீளமாகத் திட்டியிருந்தார். எல்லாவற்றையும் இந்தத் தடவை ஒன்றுவிடாமல் படித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"திருப்பனந்தாள் பக்கத்துலேருந்து பரிதி பேசறேங்க. பதிவு பாத்தேன். எங்களுது பம்ப்செட்டு, நடவு முடிஞ்சுது. நாத்தைப் பறிச்ச நாத்தங்கால் சும்மாதான் கெடக்கு, ஒரு மாவுக்குக் கொறையாது. தண்ணி தேன் மாதிரி இருக்கும். சேறு அடிச்சு வைக்கிறேன், காலையில விதையைக் கொண்டாங்க."

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மூன்று சாக்கையும் சின்ன யானை லோடு வண்டியில் ஏற்றினார்கள். சாக்கைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. வழிநெடுக மதுரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். பரிதியின் நாற்றங்காலில் சாக்கைப் பிரித்தபோது முளை அளவுக்குக் கொஞ்சம் மிஞ்சித்தான் இருந்தது. மதுரம் ஒரு பிடியை அள்ளி, உதிர்த்து, முகர்ந்து பார்த்தாள்.

"தேறும்" என்றாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வீச ஆரம்பித்தாள். அவனுடன் அன்று முழுவதும் அவள் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெக்கரியாவிடமிருந்து போன். ஃபாஜில் மதகுக்குப் போனபோது தண்ணீர் ஏழு கண்ணிலும் மோதி, சருகையும் செருப்பையும் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மதகின் வாயில் நுரை பூத்துக்கொண்டுதான் வந்தது. போனை எடுத்தான். படம் எடுத்தான். நாலு வரி எழுதினான். வெளியிடும் பொத்தான்மேல் விரல் நின்றுவிட்டது. யார் நம்புவார்கள்? அவனுக்கே சந்தேகமாக இருந்தது. குனிந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தான். பிறகு மதுரத்தைக் கூப்பிட்டான்.

"அக்கா, மதகைத் தாண்டிடுச்சு."

"போனைத் தண்ணிகிட்ட வை" என்றாள்.

அவன் படிக்கட்டில் மண்டியிட்டுப் போனைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தான். வெகுநேரம் பிடித்தான். காதில் வைத்தபோது அவள் கேட்டாள்.

"இது இந்த வருஷத்துத் தண்ணிதானே தம்பி?"

"வந்து பாத்துடுங்கக்கா. நீங்க வர்ற வரைக்கும் நான் போட மாட்டேன்" என்றான்.

பதினோரு மணி மினி பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். அவனைப் பார்க்காமல் நேராகப் படிக்கட்டில் இறங்கி, முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். ஒரு கை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். இன்னொரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தாள். அதன் பிறகுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ம். இப்ப போடு" என்றாள்.